திருட்டுப் போன வீடும் அதைச் சுற்றியுள்ள வீடுகளும்

(கூட்டுறவு நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கூட்டுறவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் ராச்டேல் என்னும் ஊரின் பெயரைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. இங்கிலாந்து தேசத்தின் வட பாகத்திலுள்ள அவ்வூரில் 1844-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், நெசவாளிகள் முதலான எளிய ஜனங்கள் ஒன்றுகூடிச் சிறு கடையொன்று திறந்த வரலாற்றைத் தாங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். நானும் இன்று ராச்டேலைப் பற்றியே பேசப் போகிறேன்; ஆனால் அந்தக் கடையைப் பற்றி அல்ல. கடை திறந்து ஏறக்குறைய 140 வருஷங்களுக்குப் பின், அவ்வூரின் ஒரு பகுதியில், வீடு புகுந்து திருடும் குற்றத்தை அயல் வீட்டாரும் போலீஸாரும் சேர்ந்து எவ்வாறு குறைத்தார்கள் என்பதே நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

அப்பகுதிக்குக் கர்க்கோல்ட் என்று பெயர். ஊராட்சியார் கட்டி வாடகைக்கு விட்ட சுமார் 2,280 வீடுகள் கொண்டது. அங்கே குடியிருந்தவர்களில் வறியவர்களே அதிகம். 1985-ஆம் வருஷத்தில் அங்கே பதிவான திருட்டுகளைக் கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கு வீட்டுக்கு ஒரு திருட்டு என்ற விகிதம் வந்தது. செல்வர்கள் வசிக்கும் தெருக்களில் அல்ல, வாரக் கூலியை எண்ணிச் செலவு செய்யும் ஜனங்களிடத்தில் இவ்வளவு திருட்டு நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழை வீட்டில் திருடன் என்ன எடுப்பான் என்று நாம் கேட்பது வழக்கம். இக்கேள்விக்குக் கர்க்கோல்டில் கிடைத்த விடை வேறு.

போலீஸாரும், நன்னடத்தை உத்தியோகஸ்தர்களும், மாஞ்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்களும் கூடி, முதலில் விசாரணையில் இறங்கினார்கள். திருட்டுக் கொடுத்தவர்களைக் கேட்டார்கள். அவர்களுக்கு அடுத்த வீட்டாரைக் கேட்டார்கள். தண்டனை பெற்ற திருடர்களையே சந்தித்து, எந்த வீட்டை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்றும் கேட்டார்கள். இந்த மூன்றாவது விசாரணையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. இவ்விசாரணைகளால் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன.

முதலாவது: அவ்வீடுகளில் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் நாணயம் போட்டால் ஓடும் மீட்டர்கள் இருந்தன. மாதக் கணக்கில் சேர்ந்த காசு, வீட்டுக்குள்ளேயே பெட்டியில் கிடந்தது. திருட்டுகளில் சுமார் பாதியில் இந்தக் காசு போயிருந்தது. அதாவது ஒவ்வொரு ஏழையின் வீட்டிலும் ஒரு சிறு உண்டியலை வைத்து, அது இருக்கும் இடத்தையும் எல்லோரும் அறியச் செய்திருந்தார்கள்.

இரண்டாவது: ஒருமுறை திருட்டுப் போன வீட்டில் மறுபடி திருட்டு நிகழும் அபாயம், மற்ற வீடுகளைக் காட்டிலும் நான்கு மடங்கு இருந்தது. நம்மவர்கள் "ஒரு தடவை வந்தவன் இனி இங்கே வரமாட்டான்" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். உண்மை இதற்கு நேர் விரோதம். முதல்முறை வந்தவன் வாசலையும் கொல்லையையும் அறிந்துகொண்டு போகிறான். எடுக்க முடியாமல் விட்டுச்சென்ற பொருள் அவன் நினைவில் நிற்கிறது. இழந்த பொருளுக்குப் பதிலாகப் புதியது வாங்குவார்கள் என்பதையும் அவன் அறிவான். தன் கூட்டாளியிடமும் சொல்லுகிறான். பிற்காலத்தில் வேறு ஊர்களில் நடந்த ஆராய்ச்சிகளிலும் இது மெய்ப்பட்டது. அபாயம் முதல் மாதத்திலேயே மிகுதி என்றும் தெரிந்தது.

இவ்வுண்மைகளுக்கேற்பவே பரிகாரமும் செய்யப்பட்டது. காசு மீட்டர்களை அகற்றி, காசு சேராத வேறு மீட்டர்கள் வைக்கப்பட்டன. திருட்டுக் கொடுத்த வீட்டில் எவ்வழியாக ஆள் நுழைந்தானோ அவ்வழியே முதலில் பலப்படுத்தப்பட்டது. அதோடு, அவ்வீட்டைச் சுற்றியுள்ள சுமார் ஆறு வீட்டாரை அணுகி, "இவ்வீட்டைச் சில காலம் கண்ணில் வைத்திருங்கள்; ஐயமான எதைக் கண்டாலும் உடனே தெரிவியுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். பட்டுப்புழுவைச் சுற்றிக் கூடு இருப்பதுபோல் இந்த ஆறு வீடுகளும் இருந்தமையால், அவர்கள் இந்த ஏற்பாட்டுக்குப் பட்டுக்கூடு என்றே பெயர் வைத்தார்கள். 2,280 வீட்டாரையும் இரவெல்லாம் விழித்திருக்கும்படி ஒருவரும் கேட்கவில்லை. யாருக்கு அபாயம் அருகில் இருந்ததோ, அவரைச் சுற்றியே காவல் வந்தது.

பலனைச் சொல்லுகிறேன். ஏற்பாட்டுக்கு முந்திய 1986–87-இல் 526 ஆக இருந்த வீட்டுத் திருட்டு, அடுத்த வருஷத்தில் 223 ஆயிற்று. 1989–90-இல் 132 ஆகக் குறைந்தது. ஒரே சமயத்தில் பல காரியங்கள் செய்யப்பட்டமையால், எது எவ்வளவு பலன் தந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது என அறிஞர் சிலர் ஆட்சேபித்தனர். அது நியாயமான ஆட்சேபமே. கர்க்கோல்டின் பெயரை எடுத்துக்கொண்டு, விசாரணையைச் செய்யாமல் காரியத்தை மட்டும் பின்பற்றிய சில ஊர்களில் பலன் ஒரேவிதமாக இல்லை என்பதும் உண்மை. மருந்து நல்லதாயிருந்தாலும், நோயைப் பாராமல் கொடுத்தால் என்ன ஆகும்?

இதே காலத்தில் அத்தேசத்தில் மற்றொரு முறையும் பரவியது. 1982-இல் செஷையரிலுள்ள மாலிங்டன் என்னும் கிராமத்தில் தொடங்கிய அயலார் காவல் சங்கம், சில வருஷங்களில் நாடெங்கும் ஏற்பட்டது. கூட்டம் கூடுவார்கள், தெருமுனையில் பலகை நாட்டுவார்கள், ஜன்னலில் சீட்டு ஒட்டுவார்கள். லண்டன் நகரத்தில் இரண்டு பகுதிகளில் இதை நுணுக்கமாகப் பரிசோதித்தபோது, திருட்டு குறைந்ததாகக் காணவில்லை. பிறகு 2008-இல் பல இடங்களின் கணக்குகளை ஒருங்கே வைத்துப் பார்த்தவர்கள், நூற்றுக்கு 16 முதல் 26 வரை குறைவு தெரிகிறது என்றார்கள். ஆகையால் முற்றிலும் வீண் என்று தள்ளுவதற்கில்லை. ஆயினும் இச்சங்கங்கள் எளிதில் வேரூன்றியது, திருட்டு அதிகமில்லாத வசதியுள்ள தெருக்களில்தான். திருட்டு மிகுந்த இடத்தில் ஜனங்கள் ஒருவரையொருவர் நம்புவதில்லை, போலீஸாரையும் நம்புவதில்லை. பலகை நாட்டுவதால் நம்பிக்கை வந்துவிடாது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். காவல் என்பது நமக்குப் புதிதன்று. தென் ஜில்லாக்களில் ஊரார் நெல்லாகவோ பணமாகவோ கூலி கொடுத்துக் காவற்காரரை வைத்திருந்தார்கள். திருட்டுப் போன பொருளைக் கண்டுபிடித்துத் தருவது, இல்லையேல் ஈடு செய்வது அவர்கள் பொறுப்பு. நாளடைவில், காவற்கூலி கொடாதவன் வீட்டில் திருட்டு நிகழ்கிறது என்ற புகார் எழுந்தது. இதற்கு அன்னிய சர்க்கார் கண்ட பரிகாரம், நோயினும் கொடிது. 1911-ஆம் வருஷத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி, சில பேர் செய்த குற்றத்துக்காகச் சாதி முழுவதையும் பதிவு செய்து, கைரேகை எடுத்து, இரவில் ஆஜராகச் செய்தார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில், பதிவை எதிர்த்த ஜனங்கள்மீது போலீஸார் சுட்டதில் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அச்சட்டம் ரத்தாயிற்று.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. அயலார் காவல் என்று தொடங்கினால், ஒரு தெருவார் மற்றொரு தெருவாரைச் சந்தேகிப்பதில் அது முடிவது மிக எளிது. வளையல் விற்கிறவர், பழைய இரும்பு வாங்குகிறவர், வட தேசத்திலிருந்து கூலிக்கு வந்தவர் ஆகிய எல்லோரும் திருடராகத் தோன்றத் தொடங்குவார்கள். 2018 மே மாதத்தில் போளூருக்கு அருகே, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு முதிய பெண்மணியை, பிள்ளை பிடிக்கிறவர் என்ற வதந்தியை நம்பி ஜனங்கள் அடித்தே கொன்றுவிட்டார்கள். குலதெய்வத்தை வழிபடப் புறப்பட்டு வந்தவர் அவர். அடித்தவர்களும் தங்கள் ஊரைக் காப்பதாகவே எண்ணியிருப்பார்கள்.

ஆகையால் அயலாரின் வேலை பார்ப்பதும் தெரிவிப்பதுமே. தன் கண்ணெதிரே திருடுகிறவனைப் பிடிக்கச் சட்டம் பொதுஜனத்துக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள், போலீஸாரிடம் ஒப்புவிக்க வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் விதி. கட்டி வைத்து அடிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. போலீஸ் வேலையைத் தாமே செய்யும் உரிமையும் இல்லை. போலீஸாருக்கும் ஜனங்களுக்கும் பாலமாக 1993-இல் இராமநாதபுரம் ஜில்லாவில் தொடங்கிய போலீஸ் நண்பர்கள் இயக்கம், பிறகு மாநிலம் முழுவதும் பரவிற்று. அவ்வாறு பரவியதை 2020 ஜூலையில் சர்க்கார் தடை செய்ய நேர்ந்தது. சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் மாண்டதன் பின் எழுந்த புகார்களே அதற்குக் காரணம். உதவி செய்ய வந்தவர் அதிகாரம் செய்கிறார் என்ற எண்ணம் ஜனங்களுக்கு ஏற்பட்டபின் அவ்வுதவியால் என்ன பிரயோஜனம்?

போலீஸார் பங்கிலும் சொல்ல வேண்டியது உண்டு. சிறு திருட்டை எழுதிக்கொள்ளாமல் அனுப்பிவிட்டால், இரண்டாவது திருட்டு முதலாவதாகத் தோன்றும். எந்த வீட்டைச் சுற்றிக் காவல் வேண்டும் என்பதே தெரியாமற் போகும். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்பது சட்டம். கூச்சமின்றிக் கேட்டு வாங்குங்கள். வெளியூர் போகும்போது பூட்டிய வீட்டைப் பற்றி நிலையத்தில் தெரிவித்தால், ரோந்து வருகிறவர்கள் அவ்வீட்டையும் பார்ப்பார்கள். கலியாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் தெரு முழுவதும் பறைசாற்றிவிட்டுப் போகிறார்கள். நிலையத்துக்கு மட்டும் சொல்வதில்லை! அடுத்த வீட்டு அக்காளிடம் வாசல் தெளிக்கவும் மாலையில் விளக்குப் போடவும் சொல்லிவிட்டுப் போவது நம் பெண்கள் நெடுநாளாகச் செய்துவரும் காரியம். ஆளிருக்கும் வீட்டைத் திருடன் பெரும்பாலும் விரும்புவதில்லையாதலால், இதைவிடச் செலவு குறைந்த காவல் வேறில்லை.

நம் சங்கத்துக்கு இதில் என்ன என்று கேட்கலாம். கர்க்கோல்டில் காசு மீட்டர் எதுவோ, நம் வீடுகளில் அது பீரோவிலுள்ள நகை. நல்ல நாளில் அணிவது தவிர, மற்ற நாளெல்லாம் அது திருடனுக்காகக் காத்திருக்கிறது. பாதுகாப்புப் பெட்டகம் வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கங்கள் பல உண்டு. நம் சங்கத்தில் அதற்குச் செலவு எவ்வளவு, எத்தனை அங்கத்தினர் வாடகைக்கு எடுப்பார்கள் என்பதை நிர்வாக சபையார் விசாரித்துச் சொல்லவேண்டும். கர்க்கோல்டின் இரண்டாம் கட்ட வேலையில் ஒரு நாணய சங்கமும் ஏற்படுத்தப்பட்டது என்பதைத் தாங்கள் அறிந்தால் மகிழ்வீர்கள். திருடினவர்களில் பலர் கடனிலும் வேலையின்மையிலும் சிக்கியவர்கள் என்று விசாரணையில் தெரிந்தமையால், குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கவும் சிறுகச் சேமிக்கவும் வழி செய்தார்கள். முன்னோடிகளின் ஊரில் அது புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. நம்மிடம் சங்கம் ஏற்கெனவே இருக்கிறது.

சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டில் தெருவாரியாக எல்லோர் பெயரும் உண்டு. ஒரு வீட்டில் திருட்டு நடந்த அன்றே, அவ்வீட்டார் சம்மதத்தோடு, சுற்றியுள்ள ஆறு வீட்டாருக்கும் சொல்லும் பொறுப்பைத் தெருவுக்கு ஒருவர் ஏற்கலாம். முதல் ஒரு மாதம் கவனமாக இருக்கவேண்டும். அதன் பின் தளர்த்தலாம். அந்த ஆறு வீடுகளில் எல்லாச் சாதியாரும் உட்படவேண்டும்; அடுத்த வீடு எதுவோ அதுவே அடுத்த வீடு. நிலைய அதிகாரி அவர்கள் இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். புகாரை எழுதிக்கொள்வதைப் பற்றியும் இரவு ரோந்தைப் பற்றியும் தங்களுக்குள்ள குறைகளை என்னிடம் தனியாகச் சொல்லாமல், அவர்களிடமே இப்பொழுது கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகிறேன்.