எலக்ட்ரிக் கார் லாபமா? கிலோமீட்டர்ல இருக்கு பதில்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

நேயர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "ப்ரோ, அடுத்த கார் எலக்ட்ரிக் வாங்கலாமா? காசும் மிச்சம், சுற்றுச்சூழலுக்கும் நல்லதுன்னு சொல்றாங்களே, உண்மையா?"

என் பதில் இதுதான். நீங்க மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுறீங்க, எங்க சார்ஜ் போடுறீங்க, இந்த ரெண்டும் தெரியாம யாராலும் சரியா சொல்ல முடியாது. அதனால இன்னைக்கு கணக்கைப் போட்டே பார்த்துடுவோம். பேப்பர், பேனா எடுத்துக்கோங்க. நான் சொல்ற எண்களுக்குப் பதிலா உங்க எண்களைப் போட்டுக்கலாம்.

முதல்ல காசு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்குவோம். சிட்டி டிராஃபிக்ல லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைச்சா, கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு ஆகுது.

எலக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் போகும். ஆனா சார்ஜ் ஏறும்போதே கொஞ்சம் மின்சாரம் வீணாகும். அதனால நம்ம வீட்டு மீட்டர் கணக்குப்படி 6 கிலோமீட்டர்னு எடுத்துக்குவோம். தமிழ்நாட்டில் 2024 ஜூலை கட்டணப்படி, ரெண்டு மாச ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினா அடுத்த யூனிட் 8 ரூபாய் 40 காசுல ஆரம்பிக்குது. 1000 தாண்டினா 11 ரூபாய் 55 காசு. ஏசி ஓடுற வீட்டில் கார் இந்த மேல் ஸ்லாப்லதான் வந்து உட்காரும். சராசரியா 9 ரூபாய்னு வச்சா, கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். அதாவது பெட்ரோலை விட 5 ரூபாய் மிச்சம்.

இப்போ விலை வித்தியாசம். 2025 செப்டம்பர்ல சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைஞ்சது. எலக்ட்ரிக்குக்கு 5 சதவீதம் அப்படியே இருக்கு. முன்னாடி இருந்த வரி இடைவெளி சுருங்கிடுச்சு. ஒரே அளவு கார்ல எலக்ட்ரிக் 3 லட்சம் அதிகம்னு வச்சுக்குவோம். அந்த 3 லட்சத்தையும் 9 சதவீத வட்டியில் 5 வருஷ லோன் போட்டா, வட்டி மட்டும் சுமார் 74,000 ரூபாய். ஆக மொத்தம் 3,74,000. இதை 5 ரூபாயால் வகுத்தா ஏறக்குறைய 75,000 கிலோமீட்டர்.

மாசம் 500 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு இந்தப் பணம் திரும்ப பன்னிரண்டரை வருஷம் ஆகும். பேட்டரிக்கு இங்கே வழக்கமா தர்ற வாரண்டியே 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர்தான். அதே காரை மாசம் 2,000 ஓட்டினா மூணு வருஷம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். எலக்ட்ரிக் காரில் ஆயில் மாத்துறது, கிளட்ச் மாத்துறதெல்லாம் கிடையாது, அதனால சர்வீஸ் செலவு குறையும். ஆனா வண்டி விலை அதிகம்ங்கிறதால இன்சூரன்ஸ் அதில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிடும்.

சரி, சுற்றுச்சூழல்? இங்கேயும் அதே மாதிரி கணக்குதான். பணத்துக்குப் பதிலா கார்பன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானேன்னு கேட்பீங்க. காற்றில் உள்ள ஆக்சிஜன் அதோட சேர்றதால எடை கூடுது. சுத்திகரிப்பு, போக்குவரத்து எல்லாம் சேர்த்தா லிட்டருக்கு 2.8 கிலோ, கிலோமீட்டருக்கு 185 கிராம் பக்கம்.

இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியா 0.7 கிலோ கார்பன் வெளியாகுது, காரணம் நிலக்கரி. கம்பியில் போகிற இழப்பையும் சேர்த்து 0.8 கிலோன்னு வச்சா, எலக்ட்ரிக் காருக்குக் கிலோமீட்டருக்கு 135 கிராம் வரும். மிச்சம் 50 கிராம். ஆனா 40 கிலோவாட் அவர் பேட்டரி ஒண்ணைத் தயாரிக்கவே சுமார் 3 டன் கார்பன் வெளியாகுது. அதை ஈடுகட்ட 60,000 கிலோமீட்டர் ஓடணும். இது தோராயக் கணக்குதான். ஆனா திசை மாறாது.

ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு 2021-இல் முழு ஆயுளுக்கும் கணக்கிட்டது. நடுத்தர எலக்ட்ரிக் கார் பெட்ரோலை விட ஐரோப்பாவில் 66 முதல் 69 சதவீதம் குறைவாக வெளியிடுது, இந்தியாவில் 19 முதல் 34 சதவீதம். ஆக, இங்கேயும் எலக்ட்ரிக்தான் நல்லது. ஆனா விளம்பரத்தில் காட்டுற அளவுக்கு இல்லை.

இன்னொண்ணு. தி.நகர் சிக்னல்ல நிற்கிறவருக்குப் புகை குறையுது, அது நிஜமான நன்மை. ஆனா ராத்திரி நாம போடுற சார்ஜில் ஒரு பங்கு எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களில் இருந்து வருது. அங்கே சாம்பல் கலந்த கழிமுகத்தில் மீன் பிடிக்கிறவங்க கார் வாங்கவே இல்லை. அதே காரை மத்தியானம் சார்ஜ் போட்டா கமுதி மாதிரி சோலார் நிலையங்களோட மின்சாரம் கிடைக்கும். மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் காற்றாலைகளும் சுத்தும்.

இப்போ ரெண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்க. எலக்ட்ரிக் கார்ங்கிறது ஒரு அட்வான்ஸ். பணத்தையும் கார்பனையும் முதல் நாளே கட்டிடுறோம், ஓட்டி ஓட்டித்தான் கழிக்கிறோம். வொர்க் ஃப்ரம் ஹோம்ல இருந்துட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஈ.சி.ஆர். போற என்னை மாதிரி ஐடி ஆளுக்கு அது கழியவே கழியாது.

அதிகமா ஓட்டுறது யாரு? கால் டாக்ஸி ஓட்டுற அண்ணன். மாசம் 4,000 கிலோமீட்டர். அவருக்குத்தான் இது மிகப் பெரிய லாபம். ஆனா அவருக்குச் சொந்த பார்க்கிங் கிடையாது, வீட்டு மீட்டர்ல சார்ஜ் போட முடியாது. ஃபாஸ்ட் சார்ஜர்ல யூனிட் 20 ரூபாய் வரை கொடுக்கணும், வீட்டு மின்சாரத்துக்கு இல்லாத 18 சதவீத ஜிஎஸ்டியும் அங்கே உண்டு. அவர் மிச்சம் 5 ரூபாயில் இருந்து 3 ரூபாய் 40 காசுக்கு இறங்கிடுது. பார்க்கிங் இருக்கிறவனுக்கு மலிவு கரண்ட், பிழைப்புக்கு ஓட்டுறவருக்கு விலை கூடின கரண்ட். எனக்கு உறுத்துறது இதுதான். சலுகை கொடுக்கணும்னா முதல்ல இங்கே கொடுக்கணும். 2025 ஜூன்ல சென்னை எம்டிசி 120 எலக்ட்ரிக் பஸ் இறக்கினது சரியான இடத்தில் போட்ட காசுன்னு நினைக்கிறேன், ஏன்னா பஸ் நாள் முழுக்க ஓடும்.

நீங்க என்ன செய்யலாம்? மாசம் 1,000 கிலோமீட்டருக்குக் கீழேன்னா இருக்கிற பெட்ரோல் காரையே வச்சு ஓட்டுங்க, பாதி பயணத்தை மெட்ரோவுக்கு மாத்துங்க. 1,500-க்கு மேல ஓட்டி, வீட்டில் பிளக் பாயின்ட்டும் இருந்தா தைரியமா எலக்ட்ரிக் போங்க. ஆபீஸ்ல பகல் சார்ஜிங் கேட்டு எச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. நடுவுல இருக்கிறவங்க, ஓடோமீட்டரை ரெண்டு மாசம் குறிச்சு வச்சுட்டு முடிவெடுங்க.

உங்க கணக்கு எத்தனை கிலோமீட்டர்ல வந்து நிக்குதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.