யன்னலோரக் கற்பூரவள்ளியும் வீட்டுப் பிள்ளையும்



போன மாசி மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. ஐந்து மாதப் பேத்திக்குத் தடிமன். என் மனைவி யன்னலோரச் சாடியில் இரண்டு கற்பூரவள்ளி இலை பிடுங்கி, நெருப்பில் வாட்டிப் பிழிந்து, தேன் குழைத்துக் கொண்டு வந்தா. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டா. "மூன்று பிள்ளை வளர்த்தனான், எனக்குத் தெரியாதா?" என்று இவ. நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவன், இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். மருமகள் பக்கம்தான் சரி.

பெரிய பிழை தேனில். பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். எங்கள் குடல் அதைச் சமாளிக்கும். ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல் வரும், அழுகைச் சத்தம் மெலியும், தசைகள் சோரும், மூச்சே தடைப்படலாம். தேனைக் காய்ச்சினாலும் வித்துகள் சாகாது. ஊரில் ஒருவருக்கும் வரவில்லையே என்பீர்கள். அரிதான நோய்தான். ஆனால் எந்தப் போத்தலில் இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலோ பால்மாவோதான், இலைச்சாறும் வேண்டாம்.

அதற்காகக் கடை மருந்துக்கும் ஓடாதீர்கள். மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கும் இருமல், தடிமன் மருந்துகளை ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று கனடாச் சுகாதாரத் திணைக்களம் 2008 இல் அறிவித்தது. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் நேரே ஆஸ்பத்திரி. மற்றபடி 811 க்கு அடித்தால் இரவிலும் தாதியோடு கதைக்கலாம்.

இனிச் செடி. ஊரிலிருந்து வேரும் மண்ணுமாகக் கொண்டுவர நினைக்காதீர்கள், இலங்கை மண் கனடாவுக்குள் வரத் தடை. தெரிந்தவர் வீட்டில் அரைச்சாண் தண்டு கேளுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் வைத்தால் இரண்டு கிழமைக்குள் வேர் விடும். அடியில் ஓட்டையுள்ள சாடியில் நடுங்கள். இந்தச் செடி தாகத்தில் சாவது குறைவு, எங்கள் அன்பில் அழுகிச் சாவதுதான் அதிகம். மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும்.

வைகாசி கடைசியில் பல்கனியில் வையுங்கள். புரட்டாதியில் இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கமுன் உள்ளே எடுங்கள், ஒரு உறைபனி போதும், இலை கறுத்துவிடும். தெற்குப் பார்த்த யன்னல் நல்லது. ஆனால் லாசால் அப்பார்ட்மென்டுகள் பலவற்றில் யன்னலுக்குக் கீழேதான் ஹீட்டர் இருக்கும். அந்தச் சூடு நேரே படாமல் தள்ளி வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் தண்டு நீண்டு மெலியும். பயப்படாமல் நுனியைக் கிள்ளி அதையும் நட்டுவிடுங்கள்.

கரிபியன்காரர் இதே இலையை இறைச்சிக்குப் போடுகிறார்கள். எங்களுக்கு ரசம் இருக்கிறது, கடலைமாவில் தோய்த்த பஜ்ஜி இருக்கிறது. ஓமத்தில் உள்ள தைமோல் இதிலும் உண்டு, அந்த வாசம் அதுதான்.

இப்போது பேத்திக்கு மூக்கடைத்தால் மனைவி பார்மசி உப்புநீரை இரண்டு துளி விடுகிறா. இலைச்சாறு எனக்கு.