இலச்சினையில் மூன்று கதிர்க்கட்டுகள்



சர்வகலாசாலை ஒன்றின் இலச்சினையைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். உழவருக்கும் உத்தியோகத்தருக்கும் இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். அந்த இலச்சினையிலே மூன்று கதிர்க்கட்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றை வெட்டிக் கட்டிய கைகள் யாருடையவை என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட வினா. அதற்கு விடை காணச் சட்ட அறிவும் வேண்டும். அரிவி வெட்டுக் காலத்தில் இடுப்பொடியக் குனிந்து நின்றவரின் அனுபவமும் வேண்டும்.

அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் நாட்டிலே 1636ஆம் ஆண்டு ஹாவாட் கல்லூரி தாபிக்கப்பட்டது. 1643ஆம் ஆண்டுக் கூட்டக் குறிப்பொன்றில், மூன்று நூல்களும் அவற்றின்மேல் ‘வெரிற்றாஸ்’ என்னும் இலத்தீன் மொழியும் அமைந்த கேடயம் வரையப்பட்டது. வாய்மை என்பது அம்மொழியின் பொருள். அச்சித்திரம் இரு நூற்றாண்டளவும் ஏட்டினுள் மறைந்து கிடந்தது. கல்லூரியின் இருநூறாவது ஆண்டாகிய 1836இல் அதன் அன்றைய தலைவர் யோசையா குவின்சி அதனை வெளிக்கொணர்ந்தார். வாய்மையைத் தன் விருதுமொழியாகத் தாங்கிய அக்கழகத்திற்கு அவ்வாய்மையே பின்னாளில் வழக்காக வந்து நின்றது.

முந்நூறாவது ஆண்டு விழா 1936இல் நடந்தது. அதற்கென ஒவ்வொரு பீடத்திற்கும் ஒரு கேடயம் வரையப்பட்டது. சட்டக் கல்லூரியின் கேடயத்திலே மேலே வாய்மை என்ற சொல். கீழே நீல நிலத்தில் பொன்னிறக் கதிர்க்கட்டுகள் மூன்று. அவை றோயல் என்னும் குடும்பத்தின் குலச்சின்னம். அக்குடும்பத்து ஐசாக் றோயல் தம் மரணசாதனத்தின் மூலம் ஹாவாட்டுக்குக் காணிகளை விட்டுச் சென்றவர். அக்காணிகளின் பணத்தைக் கொண்டு 1815இல் சட்டப் பேராசிரியர் பதவி ஒன்று உண்டாயிற்று. 1817இல் சட்டக் கல்லூரி தோன்றியது. கொடையாளரை நினைவுகூர்ந்தே கதிர்க்கட்டுகளைத் தெரிந்தனர்.

செல்வம் விளைந்த நிலம்

ஆனால் அச்செல்வம் கோதுமையில் விளைந்ததன்று, கரும்பில் விளைந்தது. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான அன்ரிகுவாவில் மூத்த றோயல் கரும்புத் தோட்டம் வைத்திருந்தார். அடிமை வியாபாரமும் செய்தார். 1736இல் அத்தீவின் அடிமைகள் கிளர்ச்சிக்குச் சதி செய்தனர் என்று குற்றஞ்சாட்டி 88 பேரைக் கொன்றனர். அவர்களுள் 77 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு றோயல் குடும்பம், அடிமைகளையும் உடன்கொண்டு, மசாச்சுசெற்ஸின் மெட்பேட் என்னும் ஊரிற் குடியேறியது. அங்கே அவர்களின் மாளிகையும் அதனருகே அடிமைகளின் இருப்பிடமும் இன்றும் நிற்கின்றன. இரண்டும் இப்போது நூதனசாலை.

1775இல் அமெரிக்கப் புரட்சி வெடித்தபோது இளைய றோயல், அரசரின் பக்கத்தவராகையால், நாட்டை விட்டு நீங்கினார். 1781இல் இங்கிலாந்திலே மாண்டார். அவர் வீட்டில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தவர் பெலிண்டா என்னும் மூதாட்டி. ஆபிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கவர்ந்து வரப்பட்டவர். 1783இல் அவர் மசாச்சுசெற்ஸ் சட்டசபைக்கு ஒரு விண்ணப்பம் சமர்ப்பித்தார். எழுத்தறியாதவராகையாற் கையொப்பத்துக்குப் பதிலாக ஓர் அடையாளம் இட்டார். அவர் கேட்டது பிச்சையன்று. தம் உழைப்பாற் பெருகிய சொத்திலிருந்து தமக்கும் நோயுற்ற தம் மகளுக்கும் சீவனத்துக்கு வழி செய்யுமாறு கேட்டார்.

சபை இணங்கியது. றோயலின் சொத்திலிருந்து ஆண்டொன்றுக்கு 15 பவுண் 12 சிலிங் வழங்குமாறு கட்டளை பிறந்தது. சிறிது காலத்திற் கொடுப்பனவு நின்றது. பெலிண்டா மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். கடைசி விண்ணப்பங்களுள் ஒன்று 1793ஆம் ஆண்டுக்குரியது. கட்டளை பெறுவது ஒன்று, அதனை நிறைவேற்றுவிப்பது வேறொன்று என்பதை நீதிமன்ற வாயிலிற் காத்துக் கிடந்தவர் அனைவரும் அறிவர். அதே சொத்தின் காணிகள் சட்டக் கல்விக்குப் போய்ச் சேர்ந்தன. கல்லூரி அக்கொடையாளரின் சின்னத்தைச் சூடிக்கொண்டது. பெலிண்டாவின் அடையாளமோ ஏட்டிலே கிடந்தது.

இரு தரப்பு நியாயங்கள்

2015இல், தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் சர்வகலாசாலையில் றோட்ஸின் சிலை அகற்றப்பட்ட செய்தி உலகெங்கும் பரவிய ஆண்டில், ஹாவாட் சட்ட மாணவர் தம் இலச்சினையை மாற்றுமாறு கிளர்ந்தெழுந்தனர். கல்லூரி ஒரு குழுவை நியமித்தது. 2016 மார்ச் மாதத்தில் பத்துப் பேர் மாற்றுமாறும் இருவர் வைத்திருக்குமாறும் கருத்துரைத்தனர். சர்வகலாசாலையின் ஆட்சிக்குழு பெரும்பான்மையை ஏற்றது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது சிறுபான்மையின் நியாயம். அதனை எழுதியவர் அனெற் கோடன்-றீட் என்னும் வரலாற்றறிஞர், கறுப்பினப் பெண்மணி, அடிமைக் குடும்பமொன்றின் வரலாற்றை ஆய்ந்து பெரும்புகழ் பெற்றவர். கதிர்க்கட்டுகளை அகற்றினால் அடிமைகளின் நினைவும் அகன்றுவிடும். அவற்றைக் காணுந்தோறும் உழைத்தவரை நினைக்கும்படி செய்வதே தக்கது என்பது அவர் கருத்தின் சாரம். இதனை எளிதிற் புறந்தள்ள இயலாது. கறைபடிந்த உறுதியைக் கிழித்தெறிந்தாற் கறை மட்டுமன்றிச் சாட்சியமும் அழியும்.

ஆயினும், நாம் பெரும்பான்மையின் பக்கமே நிற்கின்றோம். சாட்சியத்தைப் பேணுதற்கு இடம் ஏடும் கல்லும் நூதனசாலையும். இலச்சினையோ பலர் தம் மார்பில் அணிவது. தம் பெயரால் உயர்த்துவது. அடிமைகளின் வழிவந்த மாணவன் ஒருவன் ஆண்டானின் குலச்சின்னத்தைத் தன் சின்னமாக அணிய வேண்டுமென்று கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. மேலும், அது கல்லூரியோடு பிறந்த சின்னமுமன்று. நூறாண்டுக்கு மேல் அதுவின்றியே கல்லூரி நடந்தது. விழாவுக்காக வந்தது, நியாயத்துக்காகப் போகலாம்.

கோடன்-றீட் அஞ்சியது நேராவண்ணம் 2017இல் கல்லூரி முற்றத்திலே ஒரு கல் நாட்டப்பட்டது. எவருடைய உழைப்பின் செல்வம் இக்கல்லூரியைத் தோற்றுவித்ததோ அவ்வடிமைகளை அது நினைவுகூர்கின்றது. 2021இற் புதிய இலச்சினை வந்தது. அதிலே வாய்மை என்பதன் கீழ்ச் சட்டமும் நீதியும் என்ற இலத்தீன் தொடர் அமைந்தது. 2022இல் சர்வகலாசாலை தன் அடிமைத் தொடர்புகளை அறிக்கையாக வெளியிட்டு, பரிகாரத்துக்கென 10 கோடி டொலர் ஒதுக்கியது. ஒதுக்கியது நன்று. ஆனால் பெலிண்டாவுக்கும் பணம் ஒதுக்கப்பட்டே இருந்தது. உரியவர் கையைச் சென்றடையும்போதே ஒதுக்கிய பணம் பரிகாரமாகும்.

அன்பர்களே, இவ்வரலாறு நமக்கு மூன்று வினாக்களைத் தருகின்றது. எந்நாட்டு இலச்சினையை நோக்கினும் அவற்றைக் கேளுங்கள். இதனைத் தெரிந்தவர் யார்? இதிற் காட்டப்படும் செல்வத்தை விளைவித்தவர் யார்? இதனைத் தாங்க வேண்டியவரின் சம்மதம் கேட்கப்பட்டதா? மூன்றாவது வினாவுக்கு விடையில்லாத சின்னம் எத்துணை அழகாக வரையப்பட்டிருப்பினும் அது ஒரு சாராரின் முத்திரையே.

கதிர்க்கட்டு இழிவான சின்னமன்று. வெயிலில் நின்று அதனை வெட்டியவர் தாமே மனமுவந்து பொறிக்கும்போது அதனினும் உயர்ந்த சின்னம் இவ்வுலகில் இல்லை. எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் அடையாளம் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் சாட்சியாக நிற்பதற்குக் காரணம் அவர் தம் முறைப்பாட்டை எழுத்தில் வைத்தமையே. படித்தவர்கள் உழுபவர்களின் முறைப்பாட்டை எழுத்தில் வைக்கத் துணை நிற்றல் வேண்டும் என்று கேட்டு, இவ்வளவில் எமது உரையை நிறைவு செய்கின்றோம்.