கதிர் சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள்

(விழுப்புரம், திண்டிவனம் தொழிலாளர் கூட்டங்களில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களுக்குக் "கரண்டு வைக்கிறார்கள்" என்கிறோமே, அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது மின்சாரம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கதிர். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் நிலையம் பிறந்த காலத்திலிருந்தே நம் பெண்கள் இந்தச் சிகிச்சைக்கு ஊர்விட்டு ஊர் போகிறார்கள்.

உடலில் ஒளிந்துகிடக்கும் நோய் அணுக்களை அழிப்பதே கதிரின் வேலை. ஆனால் களைக்கொல்லி பயிர்மீதும் படுவதுபோல, கதிர் நல்ல சதையையும் தாக்குகிறது. ஒரு வேற்றுமை உண்டு. நல்ல அணு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும்; நோய் அணுவுக்கு அந்தத் திறமை குறைவு. ஆகவேதான் தினம் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள். முன்பு 25 தவணை, ஐந்து வாரம். 15 தவணை, மூன்று வாரமே பலருக்குப் போதும், நல்ல சதைக்குச் சேதமும் கூடவில்லை என்று பிரிட்டனில் நடந்த ஆராய்ச்சியின் பத்தாண்டு முடிவு 2013-ல் காட்டியது. கூலியை இழந்து வருபவளுக்கு இரண்டு வாரம் சிறிய விஷயமா?

என்னென்ன நேரும்? இரண்டு மூன்று வாரத்தில் தோல் சிவக்கும், கறுக்கும், உரியும். அசதி வரும். கதிர் முடிந்தும் ஓரிரு வாரம் புண் கூடும், பிறகே ஆறும். இதைக் கண்டு பயந்துதான் பலர் நின்றுவிடுகிறார்கள். நின்றால் மிஞ்சிய நோய் அணு மீண்டும் பெருகும். தளர்ந்த பருத்தி ஆடை அணியுங்கள். டாக்டரைக் கேட்காமல் எண்ணெயோ மஞ்சளோ பூசாதீர்கள்.

சில பாதிப்புகள் தாமதமாக வரும். சில மாதம் கழித்து வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். அக்குளில் அறுவையும் கதிரும் சேர்ந்தால் கை வீங்கலாம். கரும்புத் தோகை அறுத்த சிறு காயத்தையும் அசட்டை செய்யாதீர்கள். இடது மார்பானால் இருதயத்துக்கும் சிறிது கதிர் படும். மூச்சை ஆழ இழுத்து நிறுத்தச் சொல்லிக் கதிர் கொடுத்தால் இருதயம் விலகி நிற்கும். அந்த வசதி உண்டா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வெளியிலிருந்து கதிர் பெற்றவள் உடம்பில் கதிர் தங்காது. குழந்தையைத் தூக்கலாம். அவளை ஒதுக்கி வைப்பது அறியாமை.

பஞ்சாலைத் தோழருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. நிபந்தனைகள் பூர்த்தியானால் புற்றுநோய்க்கு நீடித்த நோய் உதவியாகக் கூலியில் 80 சதவீதம் கிடைக்கும். மல்லாட்டை பிடுங்கும் பெண்ணுக்கு? சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீடு உண்டு, ரயிலில் சலுகையும் உண்டு. ஆனால் இழந்த கூலியை யார் தருவார்? மருந்து இருந்தும் கூலி இல்லாததால் சிகிச்சை நிற்கலாமா? சிகிச்சை நாட்களுக்கு விவசாயத் தொழிலாளிக்கும் உதவித்தொகை வேண்டும். அது கிடைக்கும்வரை, தெருவில் ஒரு பெண் கதிர் சிகிச்சைக்குப் போனால், அவள் வீட்டு உலை எரிவதற்கு நாம் பொறுப்பேற்போம்!