துப்பாக்கியைச் செம்மை செய்தல்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் மணக்கும் இம்மேடையில், மெட்ரிக் வரை பயின்ற ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்ற ஸ்வப்னில் குசாலே, மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணிபுரிந்தவர். நம் ரயில்வே குடும்பத்துப் பிள்ளை அல்லவா? அன்றிலிருந்து ரைபிளைப் பற்றித் தேடிப் படித்து வருகிறோம்.

அப்போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டரே. அதனை 50 மீட்டர் தூரத்திலிருந்து அடிப்பதற்குக் கண்ணும் கையும் மட்டும் போதா. கருவியும் குற்றமற்றதாக இருத்தல் வேண்டும்.

போல்ட் ரைபிள் என்பது கதவின் தாழ்ப்பாளைப் போன்றது. போல்ட்டை முன்னே தள்ளித் திருப்பினால் தோட்டா பூட்டப்படுகிறது. 1898ஆம் ஆண்டு மௌசர் ரைபிளில் போல்ட்டின் முன்புறம் இரண்டு காதுகள் உண்டு. தோட்டா வெடிக்கும்போது பின்னோக்கி எழும் விசையை இவ்விரண்டுமே தாங்க வேண்டும். ஒரு காது மட்டும் படிந்து மற்றது படியாமல் நின்றால், போல்ட் இம்மியளவு சாய்கிறது. தோட்டா குழலின் நடுக்கோட்டை விட்டு விலகுகிறது. குண்டுகள் ஒரே இடத்தில் சேராமல் சிதறுகின்றன.

இதனைத் திருத்துவோர், முதலில் கடைசல் இயந்திரத்தில் ரைபிளின் உடலைப் பொருத்தி, குழல் வந்து அமரும் முகத்தையும் போல்ட்டின் முகத்தையும் நடுக்கோட்டிற்குச் செங்குத்தாகச் சீவுகின்றனர். பிறகு காதுகளின் பின்முகத்தில் எமரி கலந்த பசையைத் தடவி, போல்ட்டைப் பின்னோக்கி அழுத்தியபடியே கைப்பிடியை மேலும் கீழும் அசைக்கின்றனர். சிறிது தேய்த்ததும் கழுவி, நீலச்சாயம் பூசிப் படிவைச் சோதிக்கின்றனர். நமது பட்டறைகளில் பிட்டர்கள் பேரிங்கைச் சுரண்டிச் சாயம் பார்க்கும் அதே முறைதான்!

இங்கே பொறுமை மிக அவசியம். பழைய ரைபிள்களில் எஃகின் மேல்தோல் மட்டுமே கடினமானது, உள்ளே மென்மை. ஆசைப்பட்டு அதிகம் தேய்த்தால் கடினத்தோல் போய்விடும். போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியும் பெருகி, சுடுபவருக்கே ஆபத்தாகும். ஆகவே முடிவில் அவ்விடைவெளியை அளவுகோல் கொண்டு சரிபார்ப்பார்கள்.

குழலின் உட்புறத்தைத் தேய்ப்பது இன்னும் நுட்பமானது. உருக்கிய ஈயத்தைக் குழலுக்குள் வார்த்துக் கட்டியாக்கி, எண்ணெயும் எமரியும் பூசி, முன்னும் பின்னும் இழுப்பார்கள். எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்பதைக் கைதான் சொல்லும். இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். இது வீட்டில் செய்து பார்க்கும் வேலையன்று.

அன்பர்களே! இதைப் படித்தபோது நமது சங்கமே நினைவுக்கு வந்தது. குழந்தைகளின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை ஒரே ஆசிரியர் பல ஆண்டுகள் தனியாகத் தாங்கினார். அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வகுப்பு நின்று ஏழு மாதங்கள் ஆகின்றன. அவர் உதவி கேட்டபோதெல்லாம், "டூட்டி இருக்கிறது" என்று நாம் ஒதுங்கியதுண்டு. பார்வைக்கு இடத்தில்தான் இருந்தோம். பாரம் நம்மீது படியவில்லை. அந்தப் படியாத காது நாமே என்பதை இச்சபையில் வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டிடத்தில் கரும்பலகையுடன் காத்திருப்போம். நமக்குத் தெரிந்த தமிழ் சொற்பம். அதைச் சொல்லிக் கொடுப்போம். மற்றொரு ஞாயிற்றுக்கிழமையை ஏற்க யாரேனும் முன்வந்தால், பாரம் இரு பக்கமும் படியும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.