வழியில்லா நிலத்துக்கு ஓர் ஆற்றுப்படை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



நமது பழந்தமிழ் இலக்கியத்தில் ஆற்றுப்படை என்றொரு வகை உண்டு. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனுக்கு, இன்ன வழியாற் போ, இன்ன இடத்தில் உணவு கிடைக்கும், இன்ன இடத்தில் கவனமாயிரு என்று சொல்லி அனுப்புவதே அதன் பொருள். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. மலைவழியின் இடர்களை அது ஒவ்வொன்றாகச் சொல்கிறது: பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை. இவற்றை வருணனை என்று பரீட்சைக்குப் படித்தோம், பிறகு மறந்தோம். அது ஒரு பயணத் திட்டம் என்பது நமக்குத் தோன்றவில்லை.

எனக்கு அது தோன்றியது, அலாஸ்காவிலுள்ள ஒரு காட்டுநிலத்துக்குப் பயணம் போவோர் செய்யும் ஆயத்தங்களைப் பற்றிப் படித்தபோதுதான்.

அமெரிக்காவின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், புறூக்ஸ் மலைத்தொடரிலே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 'கேற்ஸ் ஒவ் த ஆர்க்டிக்' என்று பெயர். ஆர்க்டிக்கின் வாயில்கள் என்று தமிழிற் சொல்லலாம். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசியப் பூங்காவானது. அதன் பரப்பு 34,000 சதுர கிலோ மீற்றருக்கு மேல். நமது இலங்கையிற் பாதிக்குச் சற்றுக் கூட. அவ்வளவு பெரிய நிலத்தில் பயணிகளுக்கென ஒரு வீதி இல்லை. ஒற்றையடிப் பாதை வெட்டி வைக்கப்படவில்லை. தங்குமடம் இல்லை, கடை இல்லை. தனிப்பட்ட பயணிக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, அனுமதிச்சீட்டும் வேண்டியதில்லை. வாயில்கள் என்று பெயர். வாசலில் நிற்க ஒரு காவற்காரன் கூட இல்லை!

அங்கே போக விரும்புபவர் முதலில் பெயார்பாங்ஸ் நகருக்குப் போக வேண்டும். அங்கிருந்து பெட்டில்ஸ் போன்ற சிற்றூருக்குச் சிறிய விமானம். பிறகு, நீரில் இறங்கும் மிதவை விமானம் ஒன்றை அமர்த்தி ஏதாவதொரு ஏரியில் இறங்குவார்கள். விமானம் திரும்பிவிடும். குறித்த நாளில், குறித்த இடத்தில் வந்து ஏற்றும்.

அந்த நாளில் வரும் என்பதும் நிச்சயமில்லை. முகில் இறங்கினால் விமானி வரமாட்டார். ஆகவே பத்து நாட் பயணத்துக்குப் பத்து நாள் உணவு போதாது. காத்திருக்கும் நாட்களுக்கும் சேர்த்தே சுமக்க வேண்டும். அந்த உணவையும் கரடி திறக்க முடியாத கொள்கலனில் அடைக்க வேண்டும். அக்கொள்கலன் பூங்கா நிலையங்களில் இரவலாகக் கிடைக்கும். கோடையில் நுளம்பு மொய்க்கும். நுளம்பு குறையும் காலத்தைப் பார்த்துப் போனால் குளிர் முந்திக்கொள்ளும். எந்த மாதத்திலும் பனி பெய்யலாம். கைத்தொலைபேசி வேலை செய்யாது.

நடையும் நாம் அறிந்த நடையன்று. நிலத்தின் கீழே நிரந்தரமாக உறைந்த மண் இருப்பதால் மேலே உள்ள நீர் வடிவதில்லை. கால் வைத்தால் சாயும் புற்குவியல்கள், அவற்றுக்கிடையே சேறு. ஒரு நாளில் ஐந்தாறு மைல் கடந்தாலே நல்ல நடை என்கிறார்கள். மழை பெய்தால் காலையிற் கடந்த ஆறு மாலையிற் கடக்க முடியாத ஆறாகிவிடும். எனவே புறப்படுமுன், தான் போகும் திசையையும் திரும்பும் நாளையும் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துச் செல்ல வேண்டும்.

இவ்வளவையும் படித்தபின் நமது வீதிகளை நினைத்துப் பார்த்தேன். வீதி என்பது நமக்காக முன்னரே யாரோ பட்ட கவலை. பாலம் போட்டவன் ஆற்றைப் பற்றிக் கவலைப்பட்டான். தேநீர்க் கடைக்காரன் நமது பசியைப் பற்றிக் கவலைப்பட்டான். வீதியில்லாத இடத்தில் அந்தக் கவலைகளெல்லாம் பயணியிடமே திரும்பி வருகின்றன. அங்கே ஆயத்தம் என்பது பயணத்தின் முதல் நாள். அடக்கத்தின் முதற் பாடமும் அதுவே.

இந்த வாயில்களுக்குப் பெயரிட்டவர் ரொபேர்ட் மார்ஷல் என்ற வனவியலாளர். 1929இல் முதன்முதலாக அங்கு சென்றார். கோயுகுக் ஆற்றின் வடகிளையில் இருபுறமும் எழுந்து நின்ற இரு மலைகளைக் கண்டு இப்பெயரை வைத்தார். பின்னர் வைஸ்மன் என்ற சிற்றூரில் ஓராண்டுக்கு மேல் தங்கி, அவ்வூர் மக்களைப் பற்றி 'ஆர்க்டிக் கிராமம்' என்ற நூலை எழுதினார். 1933இல் வெளிவந்த அந்நூலின் வருவாயை ஊராருடன் பகிர்ந்துகொண்டார். எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது! 1939இல், 38 வயதில் அவர் இறந்தார். அவரது பயணக் குறிப்புகள் 1956இல் நூலாயின. பின்னர் போவோருக்கு அவை ஒரு வகையில் ஆற்றுப்படைதான்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மார்ஷலுக்கு வெற்றிடமாகத் தோன்றிய மலைகள் வெற்றிடமல்ல. நுனாமியுட் என்னும் உள்நாட்டு இனுபியாக் மக்கள் கரிபூ மான்கூட்டங்களைப் பின்தொடர்ந்து அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். பூங்காவின் நடுவிலே அனக்துவுக் கணவாயில் இன்றும் அவர்களது ஊர் இருக்கிறது. கரிபூவின் புழுக்கை கிடக்குமிடம் என்பது அப்பெயரின் பொருள். சிரிப்பு வரலாம். எங்கே மான் வரும் என்பதை ஒரே சொல்லிற் சொல்லும் வழிகாட்டி அது. வீதிதான் இல்லை, வழி எப்போதும் இருந்தது.

இப்போது வீதியும் வரப் பார்க்கிறது. மேற்கே செம்பு முதலிய கனிமங்களை எடுப்பதற்காக 211 மைல் நீளமான அம்ப்லர் வீதித் திட்டம் இப்பூங்காவின் தென்மேற்குக் காப்புநிலத்தை ஊடறுத்துச் செல்லும். அங்கே வழிவிட வேண்டும் என்று அதே 1980ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2024இல் அமெரிக்க அரசு திட்டத்தை மறுத்தது. 2025 ஒக்டோபரில் அந்த முடிவு மாற்றப்பட்டது. ஊர்களிடையேயும் கருத்து ஒன்றல்ல. தொழில் வரும் என்கிறார் சிலர். மானும் மீனும் போய்விடும் என்று அஞ்சுகிறார் பலர். அந்த அச்சம் வீணானதன்று: மேற்கு ஆர்க்டிக் கரிபூக் கூட்டம் 2003இல் ஏறத்தாழ 490,000; 2023இல் 152,000 மட்டுமே. வீதி வருமுன்பே இந்த நிலை.

நேயர்களே, பத்து நாள் போய்வரும் பயணி ஒவ்வொரு பிடி உணவையும் எண்ணிக் கட்டுகிறான். வராத விமானத்துக்கும் ஆயத்தம் செய்கிறான். நூறாண்டு நிலைக்கப் போகும் ஒரு வீதியைத் திட்டமிடுவோர் அவ்வளவாவது எண்ண வேண்டாமா? நமது ஆற்றுப்படைப் புலவர்கள் வழியைச் சொன்னபோது அவ்வழியில் வாழ்வோரையும் சொன்னார்கள். அந்த ஒழுங்கை நாம் மறக்காதிருப்போம்.