வாகூர் ஏரியும் வாகூர் எழுத்தும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. நீர் சூழ்ந்த மேட்டு நிலத்தைத் திட்டு என்பது நம் வழக்கு. தேங்காய்த்திட்டின் ஒரு பக்கம் அரியாங்குப்பத்து ஆறும் அலையாத்திக் காடும் மீன்பிடித் துறைமுகமும் உள்ளன. இவ்வளவு நீரை அருகில் வைத்துக்கொண்டு, தெற்கே இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஏரியூர் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்குள்ள நீர் தானாக வந்த நீர். நான் சொல்லப் போகும் நீர் கொண்டுவரப்பட்ட நீர். கொண்டுவந்தவர் யார் என்பதே என் பேச்சு.

கடலூர்ச் சாலையில் தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் கடந்து, கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் பாகூர். சிற்றூர் என்பதற்குச் சற்றுப் பெரிது. நகரம் என்பதற்குச் சிறிது. கல்வெட்டுகளும் செப்பேடும் இதனை வாகூர் என்றே வழங்கும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பள்ளிப் பிள்ளைகளும் எழுதுவர். ஊசுட்டேரிக்கு அடுத்தபடி இப்பகுதியின் பெரிய ஏரி இதுவே; நிரம்பினால் ஏறத்தாழ 19 கோடி கன அடி நீர் கொள்ளும். கார்த்திகை, மார்கழியில் கரையில் நின்றால் ஒருபுறம் வானம் தரையிலும், மறுபுறம் மதகின் கீழ் நாற்றின் பசுமையும் தெரியும். வலசை வரும் பறவைகளைக் காண்பதற்கென்றே அங்குச் செல்வாரும் உளர். இவ்வளவும் சொல்லி நிறுத்தினால் சுற்றுலாத் துறையின் கைப்புத்தகம் ஆகிவிடும். பாகூரை அப்படிப் பார்த்துவிட்டு வருவோரே மிகுதி என்பது என் குறை.

ஊரின் நடுவே மூலநாதர் திருக்கோயில். அம்மை பெயர் வேதாம்பிகை. நடுவண் அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சோழர் காலக் கற்றளி இது. அதன் சுவர்களே ஊரின் ஆவணக் காப்பகம். கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட கன்னரதேவனின் கல்வெட்டுகளும் இங்கு உள. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்திய இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனே அக்கன்னரதேவன். ஊரை ஆண்ட அரசன் மாறினான்; மாறிய அரசனின் ஆட்சியாண்டை இட்டு ஊர்ச்சபை தன் கணக்கைத் தொடர்ந்து எழுதிற்று. அடிப்பகுதியில் சாண் அளவுக் கட்டங்களில் ஆடல் நிலைகளைக் காட்டும் சிறு சிற்பங்கள் உள்ளன. குனிந்து பார்த்தாலன்றித் தெரியமாட்டா, பலர் குனிவதில்லை.

பாகூரின் புகழ் முதலில் நிற்பது கல்லில் அன்று, செம்பில். 1879இல் அங்குக் கிடைத்த செப்பேடு, பல்லவ வேந்தன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டுக்கு உரியது. அதாவது 9ஆம் நூற்றாண்டு. வடமொழிப் பாக்களும் தமிழ்ப் பகுதியும் கொண்ட அதனை அறிஞர் ஹுல்ஷ் 'எபிகிராபியா இண்டிகா'வில் பதிப்பித்தார். செப்பேட்டின் மூல ஏடுகள் கடல் கடந்து பாரீசுத் தேசிய நூலகத்தில் உள்ளன. எழுத்து பாரீசில், ஊர் இங்கே.

அச்செப்பேட்டின் செய்தி இது: வாகூரில் இருந்த வித்தியாத்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்பன அவ்வூர்கள். கடுவனூர் என்னும் பெயரைப் பாகூர்ப் பக்கத்துப் பேருந்துப் பலகையில் இன்றும் காணலாம். புதுச்சேரி வட்டாரத்தில் பின்னரும் ஒரு கல்லூரி சிறந்தது. திரிபுவனையில் 1048ஆம் ஆண்டளவில் 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் இருந்ததாக இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு கூறும். வாகூர் அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு மூத்தது.

செப்பேட்டுப் புலவர் இக்கல்விச்சாலையைப் புகழும் இடம் பாவலர்கள் அறிய வேண்டிய ஒன்று. பாய்ந்து வரும் கங்கையைச் சிவபெருமான் தன் சடையில் ஏற்றுத் தாங்கியதைப் போல, ஆழ்ந்த கல்வி ஆற்றை வாகூர் ஏற்று நிரம்பி நின்றது என்னும் பொருள்பட அவர் பாடுகிறார். முதன்முறை படித்தபோது நல்ல உவமை என்று மட்டும் கடந்தேன். கரையில் ஒரு முறை நின்ற பின்னரே புரிந்தது: பாய்ந்து வரும் ஆற்றைத் தாங்கி நிறுத்துவதுதான் ஏரி. புலவர் சடைமுடியைப் பாடினாலும், அவர் கண்முன் இருந்த நீர்நிலை அவ்வுவமைக்குள் நுழைந்துவிட்டது என்றே நான் கொள்கிறேன். இது என் துணிபு, மறுப்பார் மறுக்கலாம்.

ஆயின் கொடை என்றால் என்ன? ஊரைக் கொடுத்தான் எனில் மண்ணைத் தூக்கிக் கொடுக்க இயலாது. அவ்வூர் வயலின் வரவைக் கொடுத்தான். வயலின் வரவு நீரின் வரவு. அந்நீரைப் பாய்ச்சி, நாற்று நட்டு, நெல் அறுத்தவர் எவரும் வித்தியாத்தானத்தில் அமர்ந்து பாடம் கேட்டவர் அல்லர். அங்கு ஓதப்பட்டவை வேதமும் வேதம் சார்ந்த கலைகளும், ஓதியவர் அந்தணர். முனைவர் பட்டம் பெற்று, வகுப்பறையில் தமிழ் நடத்தி, இம்மேடையில் ஏறி நிற்கும் எனக்கு அக்கல்விச்சாலையின் திண்ணையிலும் இடம் இருந்திராது. இதனைக் கசப்போடு சொல்லவில்லை. தமிழ்நாட்டின் பழம்பெருங் கல்லூரி என்று மேடைதோறும் நாம் முழங்கும்போது இதனையும் சேர்த்துச் சொல்லுதல் முறை என்பதற்காகவே சொல்கிறேன்.

இனி ஏரிக்கு வருவோம். வாகூர்ச் சபையார் ஏரியைக் காக்கச் செய்த ஏற்பாடு ஒன்றைக் கல்வெட்டாய்வாளர் எடுத்துக்காட்டுவர். ஆண்டுதோறும் படியும் வண்டலை அகற்ற வேண்டும். அதற்குப் பத்து வயதுக்கு மேல் எண்பது வயதுக்கு உட்பட்டோர் குழி தோண்டி மண் எடுத்துக் கரையில் இட வேண்டும் என்பது அதன் சாரம். தூரும் நீங்கும், கரையும் உயரும். இரண்டு வேலையும் ஒரே கூடை மண்ணில் முடியும். இதைவிடச் சிக்கனமான பொறியியலை நான் அறியேன். கல்வி சிலர்க்கு என்று வகுத்த ஊர், மண்வெட்டியை ஊர் முழுதுக்கும் வகுத்திருக்கிறது. செப்பேட்டையும் இக்கல்வெட்டையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் வாகூர் முழுமையாகத் தெரியும். நாம் முன்னதைப் பாடநூலில் ஏற்றினோம். பின்னதைச் சுவரிலேயே விட்டுவிட்டோம்.

பாகூரிலேயே பிறந்து வளர்ந்தவர் போல் அவ்வூரைத் தம் பெயரோடு சுமந்த கல்வெட்டறிஞர் பாகூர் சு. குப்புசாமி அவர்களை இங்கு நன்றியுடன் நினைக்கிறேன். அவர் திரட்டிய புதுச்சேரி வட்டாரக் கல்வெட்டுகளை கோ. விசயவேணுகோபால் அவர்கள் பதிப்பிக்க, முதற்பகுதி 2006இல் வெளிவந்தது. வெயிலில் நின்று, சுவரில் மை ஒற்றி, சிதைந்த எழுத்தை ஊன்றிப் படித்தோர் தந்த கூலியில்தான் நாம் நிழலில் அமர்ந்து உரையாற்றுகிறோம்.

ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது? தென்பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டு. அங்கிருந்து புறப்படும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. அணைக்கட்டு இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில், ஏரி இருப்பது புதுச்சேரியில். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் துண்டுதுண்டாகப் பிரித்துக்கொண்ட எல்லையை இவ்வாய்க்கால் ஒருநாளும் மதித்ததில்லை.

பங்காரி, சிங்காரி என்று இரு தேவரடியார் சகோதரியர் தம் செல்வத்தால் வெட்டுவித்த வாய்க்கால்கள் என்று ஊர் சொல்லும். பங்காரு வாய்க்கால் ஒன்று, சிங்காரி வாய்க்கால் மற்றொன்று. இப்பெண்களைப் பாடிய செப்பேடு இல்லை. ஆனால் நீர் திறக்கும் நாளில் உழவர் வாயில் வரும் பெயர் அவர்களுடையது.

இது பாகூருக்கு மட்டும் உரிய விந்தையன்று. புதுச்சேரி நகரின் நடுவில், பாரதி பூங்காவில், ஆயி மண்டபம் நிற்கிறது. கிருட்டிணதேவராயர் ஒரு கணிகையின் ஒளிமிக்க மாளிகையைக் கோயில் என மயங்கி வணங்கினார். உண்மை அறிந்து சினந்து அதை இடிக்கச் சொன்னார். ஆயி தானே அதனை இடித்து, அவ்விடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. பிற்காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக அம்மண்டபத்தை எழுப்பினர். ஆக, நகரின் குடிநீருக்கு ஒரு பெண், நாட்டுப்புறத்தின் பாசன நீருக்கு இரு பெண்கள். மூவரும் மதிப்புக்குரிய குடும்பத்தார் என்று அக்காலச் சமூகம் ஒப்பாதவர்கள். இக்கதைகளை வரலாறு என்று நான் வாதிடவில்லை. தன் நீர்நிலைகளுக்கு யார் பெயரை நினைவில் வைத்துக்கொள்வது என்று மக்கள் செய்த தேர்வு இருக்கிறதே, அது வரலாறு.

போர் ஒன்றும் பாகூர்ப் பெயரில் உண்டு. 1752 செப்டம்பரில் இலாரன்சு தலைமையிலான ஆங்கிலப் படை, துய்ப்ளேவின் உறவினர் கெர்ழான் தலைமையில் நின்ற பிரெஞ்சுப் படையை இங்குத் தோற்கடித்தது, கெர்ழானும் சிறைப்பட்டார். இரண்டாண்டு கழித்து 1754இல் துய்ப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். ஆங்கில நூல்கள் பாகூரை அறிவது இந்த ஒரு நாளால்தான். அதற்கு மேல் இப்போரில் எனக்கு ஆர்வமில்லை. அன்று மிதிபட்ட வயல்களில் யாருடைய பயிர் நின்றது என்று எந்த நூலும் சொல்லாதபோது, நான் மட்டும் படையணிக் கணக்குச் சொல்வானேன்?

அண்மைக் காலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 1999இல் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தில் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. தூர் வாருவதற்கு வெளிநாட்டுப் பணம் வர வேண்டியிருந்தது என்பதைப் படித்தபோது, பத்து முதல் எண்பது வரை என்ற அந்த வரி என் காதில் ஒலித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவியரை அழைத்துக்கொண்டு பாகூர் சென்றிருந்தேன். கோயிலில் கல்வெட்டுப் பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தோம். நூறு நாள் வேலையில் பெண்கள் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், "கோயில்ல என்னாம்மா எழுதிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்டார். ஏரிச் செய்தியைச் சொன்னேன். சற்று எண்ணிப் பார்த்து, "எண்பது வரைக்குமா? அப்ப எனக்கு இன்னும் பத்து வருசம் வேலை பாக்கி இருக்குது" என்றார். எல்லாரும் சிரித்தோம். பிறகு, "பங்காரி பேரும் அந்தக் கல்லுல இருக்குதா?" என்றார். இல்லை என்றேன். "வாய்க்காலையே வெட்டுனவ பேரு இல்லியா?" என்று கேட்டுவிட்டு, என் விடைக்குக் காத்திராமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

இவ்வட்டத்தின் பத்தாண்டு நிறைவில் என் வேண்டுகோள்கள் இரண்டு. அந்தத் தூர்வாரும் கல்வெட்டின் வாசகத்தை, இக்கால எழுத்தில் பெயர்த்து, ஏரிக்கரையில் மதகு அருகே ஒரு பலகையாக நாட்ட உரியோரின் இசைவு பெற்று இவ்வட்டம் முன்வர வேண்டும். அடுத்த ஆண்டுக் கவியரங்கை மண்டபத்தில் வையாமல் பாகூர்க் கரையில் வையுங்கள். மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியிருக்கும் தை மாதம் ஏற்றது. வாய்க்கால் வெட்டும் பெண்களையும் முன்வரிசையில் அமர்த்துங்கள்.